வெள்ளை டேப் சுற்றிய கீரை

அவர் வாயிலிருந்து "சூடு" என்ற சொல் வந்து நான் கேட்டதே இல்லை. சிங்கப்பூரில் இருந்துகொண்டு, அதிலும் ஏர்கான் மெக்கானிக்காக இருந்துகொண்டு, ஒரு மனுஷன் அந்தச் சொல்லைத் தொடாமல் காலம் தள்ளினார் என்றால் நீங்கள் நம்பமாட்டீர்கள். கொதிக்கக் கொதிக்கக் கோப்பி ஓவை, அதாவது பாலில்லாத காப்பியை, கொண்டுபோய் வைத்தால், "இருக்கட்டும்க்கா, அது நிதானத்துக்கு வரட்டும்" என்பார். பகல் இரண்டு மணிக்கு மொட்டை மாடியில் வேலை முடித்து, சட்டையைப் பிழிந்துகொண்டே இறங்கி வந்து, "இன்னைக்கு வெளிச்சம் நல்லா இருந்துச்சு" என்பார். நான் இதையெல்லாம் ஆர்டர் சீட்டின் பின்பக்கம் எழுதி வைத்துக்கொள்வேன். நல்ல பேச்சு காதில் விழுந்தால் எனக்கு விட மனசு வராது.

கடையில் நாங்கள் அவரை ஏர்கான் அண்ணன் என்போம். இங்கேயும் அப்படியே இருக்கட்டும். என்னைவிட ஏழெட்டு வயது பெரியவர், ஆனாலும் என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவார். கேட்டால், "சோறு போடுறவங்க எல்லாரும் அக்காதான் லா" என்று அதற்கும் ஒரு சட்டம் வைத்திருந்தார்.

அப்போது நான் தேக்காவில் ஒரு சாப்பாட்டுக் கடையில் சமையல் செய்துகொண்டிருந்தேன். முன்பக்கம் உட்கார்ந்து சாப்பிடுகிறவர்களுக்குக் கை விறைக்கும். பின்பக்கம் எங்களுக்கு நாலு அடுப்பு, ஒரு மின்விசிறி. முதல் தடவை அவர் சர்வீசுக்கு வந்தபோது, நான் சாம்பாரைக் கிண்டிக்கொண்டே முறையிட்டேன்.

"அண்ணே, அந்தப் பக்கக் குளிர்ல கொஞ்சம் இந்தப் பக்கம் திருப்பி விடக்கூடாதா?"

ஏணியிலிருந்து இறங்காமலே சொன்னார். "உள்ள ஒருத்தருக்குக் குளிரணும்னா, வெளிய ஒருத்தர் அதை வாங்கிக்கணும்க்கா. மெஷினே அப்படித்தான்."

"அந்த ஒருத்தர் எப்பவும் நாங்கதானா?"

"நீங்க தாங்குறீங்களே."

புகழ்ச்சியா குத்தலா என்று எனக்கு விளங்கவில்லை. சீட்டில் எழுதி, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டுவைத்தேன்.

கடைக்குப் பின்னால் ஒரு சந்து உண்டு. வரிசையாக இருக்கும் எல்லாக் கடைகளின் கம்ப்ரஸர்களும் அங்கேதான் நிற்கும். காலை பத்து மணிக்கு அவை உறும ஆரம்பித்தால் கடை சாத்தும்வரை ஓயாது. அந்தக் காற்று முகத்தில் பட்டால் சட்டி மூடியைத் திறந்த மாதிரி இருக்கும். குப்பை போடப் போகிறவர்கள்கூட முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் நடப்பார்கள். ஒரு நாள் பார்த்தால், எங்கள் கடைக் கம்ப்ரஸருக்கு நேர் எதிரே, ஒரு கை தூரத்தில், ஆறு பிஸ்கட் டின்கள். ஒவ்வொன்றிலும் விரல் நீளத்துக்குக் கீரைக் கன்றுகள்.

அண்ணன்தான் முதலாளியிடம் அனுமதி கேட்டு வைத்திருக்கிறார். முதலாளி எட்டிப் பார்த்துவிட்டு, "ஈசூன்லேருந்து இவ்வளவு தூரம் வேன்ல கொண்டுவந்து சாகடிக்கணுமா? அங்கேயே சாகடிக்கலாமே" என்றார்.

அண்ணன் சிரிக்கவில்லை. "எது சாகலைன்னு பார்க்கத்தான் பாஸ்."

ஈசூனில் அவருடைய வீடு நாலாவது மாடி. அவர் வீட்டுக் காரிடார் மேற்குப் பார்த்தது. மத்தியானம் இரண்டு மணிக்கு உள்ளே வருகிற வெயில் ஏழு மணிக்குத்தான் விடைபெறும். அங்கே தொட்டி வைத்து என்னென்னவோ போட்டுப் பார்த்திருக்கிறார். கொத்தமல்லி கருகிப் போனது, வெண்டை காய்க்காமல் நின்றது. முளைக்கீரை மட்டும் சாகவில்லை. ஆனால் மூன்று வாரத்தில், ஒரு சாண் உயரத்திலேயே, பூ வைத்துவிடும். பூ வைத்துவிட்டால் இலை சிறுத்துவிடும், தண்டு நாராகிவிடும். சமைக்கிற எனக்குத் தெரியாதா?

"அது பயந்துபோச்சுக்கா" என்பார். "செத்துருவோம்னு நினைச்சு அவசர அவசரமா பிள்ளை பெத்துக்குது. பயப்படாதது ஒண்ணு ரெண்டு இருக்கும். அதைத்தான் தேடுறேன்."

தேடுகிற முறை இதுதான். கம்ப்ரஸர் எதிரே வைத்த கன்றுகளில் முதலில் பூ வைப்பதைப் பிடுங்கி என்னிடம் கொடுத்துவிடுவார், ரசத்துக்கு. மத்தியானத்தில் தலை தொங்குவதும் ரசத்துக்குத்தான். எல்லாம் பூத்த பிறகும் பூக்காமல், நிமிர்ந்து இலை விட்டுக்கொண்டு நிற்கிற கடைசி ஒன்றிரண்டை மட்டும் விட்டுவைத்து, அவை முற்றிய பிறகு விதை எடுப்பார். அந்த விதையைத் திரும்ப விதைத்து, கன்றானதும் மறுபடி அதே காற்றில் கொண்டுவந்து வைப்பார். தண்ணீருக்கும் செலவில்லை. ஏர்கான் குழாயிலிருந்து சொட்டுவதை ஒரு வாளியில் பிடித்து ஊற்றுவார். "அது விடுற மூச்சையே வாங்கிக்கிட்டு, அது விடுற தண்ணியையே குடிக்குது. மாமியார் வீட்டு மருமக மாதிரி" என்று நான் சொன்னபோது மட்டும் வாய்விட்டுச் சிரித்தார்.

ஒரு விஷயம் எனக்கு ஒத்துவரவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். கீரையோடு நிறுத்திக்கொண்டிருந்தால் பரவாயில்லை, மனுஷர்களிடமும் அப்படித்தான். அவர் ஆள் வைத்து நடத்திய ஏர்கான் தொழிலில் பத்து வருஷமாக வேலை பார்த்தவர் ஒருவர், கெட்டிக்காரர், சாப்பிட வரும்போதெல்லாம் புலம்புவார். "சுமாரா வேலை தெரிஞ்சவனெல்லாம் ஆபீஸ் உள்ள உக்காந்து ஃபில்டர் கழுவுறான்க்கா. எனக்கு மட்டும் எப்பவும் மொட்டை மாடி. நான் என்ன பாவம் பண்ணேன்?"

அண்ணனுடைய மகளும் ஒரு தடவை கடைக்கு வந்திருந்தாள். ஜூரோங்கில் கப்பல் பட்டறையில் சேஃப்டி ஆபீசர். நாள் முழுக்க வெயிலில், இரும்புத் தட்டுகளுக்கு நடுவே நிற்கிற வேலை. அப்பாவை எதிரே வைத்துக்கொண்டே என்னிடம் சொன்னாள்.

"ஸ்கூல் நாளில என் தோழிங்களோட அப்பாங்க எல்லாம் கூடவே வந்து பேசுவாங்க ஆன்ட்டி. எங்கப்பா என்னை மட்டும் பிரின்சிபால் ரூம் வாசல்ல விட்டுட்டு, உள்ள போய் நீயே சொல்லுன்னுட்டு வேன்ல உக்காந்துப்பார். இவருக்கு என்னைப் பிடிக்காதுன்னு செகண்டரி முடியிற வரைக்கும் நினைச்சேன்."

"இப்ப?" என்று கேட்டேன்.

"இப்ப ஏதோ தெரியுது. முழுசாத் தெரியலை."

அண்ணன் தன் இலையிலிருந்த அப்பளத்தை எடுத்து மகள் இலையில் வைத்தார். அவ்வளவுதான்.

மூன்றாவது வருஷம் என்று நினைக்கிறேன், அவருக்கு ஒரு அவசரம் வந்தது. அவர் குடியிருந்த அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே குடியிருப்பாளர்கள் சேர்ந்து போட்ட தோட்டம் ஒன்று இருந்தது. அதில் ஒரு பாத்தி மட்டும் யாரிடமும் நிலைக்கவில்லை. மேற்குச் சுவரை ஒட்டி, சிமெண்ட் தரைக்கு நடுவே, வாணலி மாதிரி ஒரு இடம். எடுத்தவர்கள் எல்லாரும் வைத்ததைக் கருகக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார்கள். அதை மூடி சைக்கிள் நிறுத்துகிற இடமாக்கிவிடலாம் என்று தோட்டக் குழு பேச ஆரம்பித்தது. அண்ணன் போய்த் தனக்குக் கொடுங்கள் என்று கேட்டிருக்கிறார். மாசக் கடைசி ஞாயிற்றுக்கிழமை கூட்டம், அங்கே நிற்கிற மாதிரி ஒரு செடியைக் கொண்டுவந்து காட்டுங்கள், பிறகு பார்க்கலாம் என்றார்களாம்.

காட்டுவதற்கு அவரிடம் மூன்று செடிகள் இருந்தன. விதைத்து இரண்டு மாசம் ஆகப்போகிறது, மூன்றும் பூக்கவில்லை. இடுப்புயரம், என் உள்ளங்கை அகலத்துக்கு இலை. அவர் தேடிக்கொண்டிருந்தது அந்த மூன்றும்தான். காட்டியான பிறகு அவற்றிலிருந்து விதை எடுத்து அந்தப் பாத்தியில் போடவேண்டும் என்பது அவர் திட்டம். இதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரியும். மற்றக் கன்றுகள் எல்லாம் ரசத்துக்குப் போய்விட்டன. அந்த மூன்றின் தண்டிலும், ஏர்கான் பைப்புக்குச் சுற்றுகிற வெள்ளை டேப்பை எடுத்து, அடியில் மூன்று சுற்றுச் சுற்றிப் பல்லால் கடித்துக் கிழித்து விட்டிருந்தார். எதற்கு என்று நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

அது புரட்டாசி. கூட்டத்துக்கு எட்டு நாள் முன்னால் ஒரு சனிக்கிழமை. தேக்காவில் புரட்டாசிச் சனி என்றால் சைவச் சாப்பாட்டுக்கு வரிசை வெளியே ஐந்தடிப் பாதை என்கிற கடைமுன் நடைபாதைவரைக்கும் நிற்கும். காலையில் வரவேண்டிய கீரை வரவில்லை. லாரி எங்கேயோ நின்றுவிட்டதாம். பலகையில் கீரைக் கூட்டு என்று முதலாளி எழுதிவிட்டார். இரண்டு மணிக்குப் பெரிய பரிமாறல் முடிந்தது, அதற்குள் இருந்த பழைய கட்டெல்லாம் தீர்ந்துபோனது. இரண்டரை மணிக்கு ஒரு குடும்பம், பத்துப் பேர், வயசானவர்கள் விரதத்தில் இருக்கிறார்கள், கீரை உண்டா என்று ஆள் விட்டுக் கேட்டார்கள். கத்தியோடு சந்துக்குப் போனேன்.

இந்த இடத்தில் எங்கள் சமையல்கட்டு வழக்கம் ஒன்றைச் சொல்லவேண்டும். நறுக்கிய காய், அரைத்த மசாலா, ஊறவைத்த பருப்பு, எது டப்பாவில் போனாலும் வெள்ளை டேப் ஒட்டித் தேதி போடுவோம். வெள்ளை டேப் ஒட்டிய டப்பாவைத்தான் முதலில் எடுத்துத் தீர்க்கவேண்டும். இருபது வருஷமாக என் கைக்குத் தெரிந்த சட்டம் அது. வெள்ளை டேப்பைக் கண்டால் மூளையைக் கேட்காமல் கை போகும். போதாததற்கு, குப்பைத்தொட்டிப் பக்கம், யாரும் நிற்கமுடியாத இடத்தில் வைத்த செடி. வேண்டியதை யாராவது அங்கே வைப்பார்களா? வேண்டாதது, முதலில் தீர்க்கவேண்டியது என்று முடிவே கட்டிவிட்டேன். மூன்றையும் வெட்டினேன்.

வெட்டும்போது ஒன்று கவனித்தேன். காலையில் வருகிற கீரையே மத்தியானத்துக்குள் பலகையில் துவண்டு துணி மாதிரி கிடக்கும். இது பகல் இரண்டரை மணிக்கு, அந்தக் காற்றில் நின்ற கீரை, பலகையில் வைத்தால் விறைப்பாக நிற்கிறது. ஒடித்தால் டக்கென்று சத்தம் வருகிறது. கூட்டு அப்படி அமைந்தது. அந்தக் குடும்பத்துப் பெரியவர் உள்ளே வந்து கைகூப்பிவிட்டுப் போனார். நான் பெருமையாக நெற்றியைத் துடைத்துக்கொண்டேன்.

ஐந்து மணிக்கு அண்ணன் வந்தார். நேரே சந்துக்குப் போனார். போனவர் வரவில்லை. பத்து நிமிஷம் கழித்து நான் எட்டிப் பார்த்தேன். டின்களுக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். கம்ப்ரஸர் காற்று நேரே முகத்தில் அடிக்கிறது, கண்ணைக்கூடச் சுருக்கவில்லை.

"அண்ணே, நல்ல கீரைண்ணே. கூட்டு வச்சேன்" என்றேன். சொல்லி முடிப்பதற்குள் அவர் முகத்தைப் பார்த்துவிட்டேன்.

"டேப் சுத்தியிருந்தேனே."

"டேப் இருந்ததாலதாண்ணே…"

அவருக்குப் புரியவில்லை. கையைப் பிடித்து இழுக்காத குறையாக உள்ளே கூட்டிப்போய் குளிர்பெட்டியைத் திறந்து காட்டினேன். தேங்காய், பருப்பு, பூசணி, எல்லாவற்றின் மேலும் வெள்ளை டேப். "இது ஒட்டினா முதல்ல தீர்க்கணும்னு அர்த்தம்ணே எங்களுக்கு."

அவர் டப்பாக்களையே பார்த்துக்கொண்டு நின்றார். திட்டியிருந்தால் நான் அழுதிருப்பேன், தீர்ந்திருக்கும். அவர் கேட்டதோ வேறு.

"எவ்வளவு விட்டு வெட்டினீங்க?"

"நாலு விரல், அஞ்சு விரல்."

"கத்தியா, கையால ஒடிச்சீங்களா?"

"கத்திதான். மத்தியானம்தான் தீட்டினேன்."

"ம்" என்றார். பிறகு, "கூட்டு மிச்சம் இருக்கா?"

ஒரு கரண்டி இருந்தது. நின்றுகொண்டே சாப்பிட்டார். கிண்ணத்தை வைத்துவிட்டு, "அடுத்த ஞாயித்துக்கிழமை லீவு சொல்லிடுங்க. ஈசூனுக்கு வரணும் நீங்க" என்றார்.

திங்கட்கிழமை நான் அந்த மூன்று கட்டைகளையும் தூக்கிக்கொண்டுபோய்ப் படிக்கட்டுப் பக்கம் நிழலில் வைத்தேன். அவர் வந்து திரும்பவும் தூக்கிக் கம்ப்ரஸர் எதிரே வைத்தார்.

"பாவம்ணே. வெட்டுப்பட்டதைப் போய் இங்கயா வைக்கிறது?"

"இப்பத்தான்க்கா இங்க வைக்கணும். நிழல்ல வச்சா எப்படியும் துளிர்க்கும். அதுல எனக்கு என்ன தெரியப்போகுது?"

எனக்குக் கோபம் வந்தது. செய்தது நான்தான், ஆனாலும் கோபம் வந்தது. நாலாம் நாள், இலைக்காம்பு இருந்த கணுக்களில் பச்சை மிளகு மாதிரி முனை விட்டது. ஏழாம் நாள் ஒவ்வொரு கட்டையிலும் நாலைந்து துளிர், இரண்டிரண்டு இலை. என் கோபம் போன இடம் தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஈசூன். புளோக்குக்குக் கீழே, வாய்ட் டெக் என்கிற திறந்த தளத்தில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டுப் பதினைந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். குழுவுக்குத் தலைவர் ஒரு சீனர், ஓய்வுபெற்ற ஆசிரியர், மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்ப்பார். அண்ணன் தள்ளுவண்டியில் மூன்று டின்களையும் தள்ளிக்கொண்டு வந்து நடுவில் நிறுத்தினார். விரல்நீளக் கட்டை, அதில் நாலு துளிர். யாரோ சிரித்தார்கள். தலைவர் மட்டும் சிரிக்காமல், இதுதானா நீங்கள் சொன்ன செடி என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

அண்ணன் தொண்டையைத் தொட்டுக் காட்டினார். கரகரவென்று என்னிடம், "தொண்டை கட்டிக்கிச்சுக்கா. நீங்க சொல்லிடுங்க" என்றார்.

"நானா? எனக்கு என்ன இங்கிலீஷ் தெரியும்?"

"கீரை தெரியும்ல" என்று சொல்லிவிட்டு நாற்காலியில் போய் உட்கார்ந்துகொண்டார்.

பதினைந்து பேரும் என்னைப் பார்க்கிறார்கள். நான் அடுப்படியை விட்டு இத்தனை பேருக்கு முன்னால் வந்து நின்றதே இல்லை. பாதி இங்கிலீஷ், பாதி மலாய், நடுநடுவே தமிழ். ஐ குக், ட்வென்ட்டி இயர், என்று ஆரம்பித்தேன். திஸ் பிளான்ட், ஐ கட், மை மிஸ்டேக், என்று டப்பா டேப் கதையைச் சொன்னேன். அப்போதும் சிரித்தார்கள், ஆனால் இந்தச் சிரிப்பு வேறு மாதிரி. பிறகு எனக்கு வேகம் வந்துவிட்டது. சந்தைக் கீரை மத்தியானத்தில் எப்படிக் கிடக்கும் என்று கையைத் தொங்கப்போட்டுக் காட்டினேன். இந்தக் கீரை எப்படி நின்றது என்று விறைத்துக் காட்டினேன். வெட்டிய பிறகும் எட்டு நாள் எங்கே நின்றது என்று சொல்லி, கம்ப்ரஸர் மாதிரி முகத்துக்கு நேரே ஊதியும் காட்டினேன். முன்வரிசையில் ஒரு மலாய்க்கார அம்மா எழுந்து வந்து, குனிந்து, ஒரு துளிரைக் கிள்ளி வாயில் போட்டுப் பார்த்தார். "பாயம் பகூஸ்" என்று தலைவர் பக்கம் திரும்பிச் சொன்னார். நல்ல கீரை என்று அர்த்தம். "எனக்கும் விதை வேணும்."

சைக்கிள் நிறுத்துகிற இடம் ஆறு மாசம் தள்ளிப்போனது. பிறகு வரவே இல்லை. அந்தக் கட்டைகளில் துளிர்த்தவை இன்னும் தாமதமாகத்தான் பூத்தன. அவற்றின் விதையில் வந்த கீரைதான் இன்றைக்கும் அந்தச் சுவரோரம் நிற்கிறது. அண்ணன் போய்ச் சேர்ந்து இரண்டு வருஷம் ஆகிறது. போன மாசம் அந்தப் பக்கம் போனபோது எட்டிப் பார்த்தேன். பகல் மூன்று மணி, ஒரு இலைகூடத் தலை தொங்கவில்லை. எங்கள் கடையிலும் இப்போது டப்பாக்களுக்கு நீல டேப்தான்.

அன்றைக்குக் கூட்டம் முடிந்து எம்ஆர்டி ரயில் ஸ்டேஷன் வரைக்கும் என்னோடு நடந்து வந்தார். கேட்டுக்குப் பக்கத்தில் நிற்கும்போது அவர் போன் அடித்தது. எடுத்தார். யாரோ வாடிக்கையாளர், ஏதோ கட்டடத்தில் ஏர்கான் நின்றுவிட்டது போலிருக்கிறது. அண்ணன் ஸ்டேஷன் முழுக்கக் கேட்கிற மாதிரி, வெண்கலக் குரலில், தடங்கலில்லாத இங்கிலீஷில், ஐந்து நிமிஷம் பேசினார். கரகரப்பு ஒரு சொட்டு இல்லை.

போனை வைக்கும்வரை அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"தொண்டை?" என்றேன்.

"சரியாப் போச்சு."

"என்னை ஏண்ணே அங்க கொண்டுபோய் நிறுத்தினீங்க?"

அவர் சட்டைப்பையிலிருந்து வெள்ளை டேப் உருளையை எடுத்தார். என் தோள்பையின் வாரில் மூன்று சுற்றுச் சுற்றினார். குனிந்து பல்லால் கடித்துக் கிழித்தார்.

"ட்ரெயின் வருது. ஏறுங்கக்கா."

அந்தப் பைக்கு இரண்டு தடவை ஜிப் மாற்றிவிட்டேன். வாரை மாற்றவில்லை.